பதினோராம் ஃபோல்டர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்.

கெட்டுப்போன கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் சொல்லித்தரும் ஜைனம்பு டீச்சர், வயது நாற்பத்தொன்று. அவரிடம் நான்கு மாதமாகப் பாடம் கேட்கும் குற்றாலிங்கம், வயது அறுபத்து மூன்று; வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முன்பே சேர்ந்துவிட்ட ஜெராக்ஸ் கடை தாவீது. குற்றாலிங்கத்தின் மகள் செண்பகம்.

ஐந்தாவதாக, மேசைமேல் துண்டில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க். அதை உயிர்க் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

“டீச்சர், இது பொழைக்குமா பொழைக்காதா?” என்றார் குற்றாலிங்கம். அவர் உட்காரவில்லை.

“என்ன செஞ்சுது?”

“முந்தாநாள் ‘டக் டக்’னு சத்தம். கம்ப்யூட்டர் தொறக்க அரை மணி நேரம் ஆச்சு. எர்ரர்னு எழுதிக் காட்டிச்சு. ஸ்கேன் போட்டேன்.”

“எத்தனை தடவை?”

“ஒம்பது.”

“எதுக்கு ஒம்பது?”

“மொதத் தடவை நாலு கோளாறு இருக்கு, சரி பண்ணிட்டேன்னு சொல்லிச்சு. சரியாயிட்டான்னு பாக்க இன்னொரு தடவை போட்டேன். பதினொண்ணு இருக்கு, சரி பண்ணிட்டேன்னுச்சு. அது சரியாயிட்டான்னு பாக்க...”

“சோறு வெந்துட்டான்னு பாத்துப் பாத்தே பானையக் காலி பண்ணியிருக்கீரு, அண்ணாச்சி,” என்றார் தாவீது.

“வே, சும்மா கிடயும்.”

தாவீது சும்மா இருந்தார். குற்றாலிங்கத்தால்தான் முடியவில்லை. சன்னல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். துண்டின் முனையை நீவிவிட்டார்.

அந்த டிஸ்கில் செண்பகத்தின் ஆறு வருட ஆய்வு இருந்தது. மலையடி ஓடைகளில் திரியும் தட்டான்களைப் பற்றிய ஆய்வு. அடுத்த மாதம் முடித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, மறுபடி முதலிலிருந்து. கைடு நல்லவர்தான், ஆனால் ஏற்கெனவே ஒருமுறை தவணை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. இனி அவராலும் ஆகாது.

“அண்ணாச்சி, மாடியில சின்ன ஃபேன் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வாங்க,” என்றார் டீச்சர்.

குற்றாலிங்கம் போய் எடுத்து வந்தார்.

“அதோட வயர் மேலேயே இருக்கே.”

மறுபடி ஏறினார். வயரோடு இறங்கினார்.

“மாடிச் சன்னலைச் சாத்தினீங்களா? சாரல் அடிக்குது.”

மூன்றாம் முறை இறங்கி வரும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

“டீச்சர், எனக்கு முட்டு வலின்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“பெறகு எதுக்கு மூணு தடவை ஏத்துனீங்க?”

“முட்டு சரியாயிட்டான்னு பாத்தேன்.”

தாவீது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

குற்றாலிங்கம் மேசையைப் பார்த்தார். அதன்மேல் கிடந்ததையும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டீச்சர் டிஸ்கைத் துண்டிலிருந்து எடுத்து மரப்பலகையில் படுக்கவைத்தார். சின்ன ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். தன்னுடைய கம்ப்யூட்டரில் டிஸ்கின் வயரைச் செருகினார். இதில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும் என்று ஆக்கினார். டிஸ்க் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

பூஜ்ஜியம், தெய்வம். ஒன்று, பத்திரம். இரண்டு, பென்ஷன். மூன்று, கரண்ட் பில். நான்கு, குடும்பப் படம். அப்படியே போய்ப் பதினொன்று, செண்பகம்.

“நான் அடுக்கினது,” என்றார் குற்றாலிங்கம். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“கரண்ட் பில்லுக்கு மூணாம் நம்பர், மகளுக்குப் பதினொண்ணா?” என்றார் தாவீது.

“எது மொதல்ல வந்துச்சோ அது மொதல்ல. இது தகுதி வரிசை இல்லவே.”

“அப்பா, அதுல ‘சிறகு’ன்னு ஒரு...” என்று ஆரம்பித்தாள் செண்பகம்.

“நீ இரிம்மா. அப்பா பேசுதேன்லா.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எனக்குக் கேக்கிற சத்தம் நல்லா இல்ல. ரொம்ப நேரம் ஓடாது. எதை மொதல்ல எடுக்க?”

குற்றாலிங்கம் யோசிக்கவே இல்லை. “சாமிய எடுங்க.”

“மொதல்ல எடுக்கறது மட்டும்தான் வரும்னு வச்சுக்குங்க. அப்பவும்?”

“அப்பவும்தான். எந்தக் காரியமும் சாமியில தொடங்கணும்லா, டீச்சர்? சாமியத் தாண்டி அடுத்ததுல கை வைக்க எனக்கு மனசு வராது. மொதல்ல அவரு வந்துட்டா, பின்னால வாறதெல்லாம் தானா வரும்.”

டீச்சர் செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வேண்டாம்னு சொல்ற இடத்துல இல்ல,” என்றார் டீச்சர். “எடுக்கேன். ஆனா சத்தம் மாறினா அந்த நிமிஷமே நிறுத்துவேன்.”

பூஜ்ஜியம் நகர ஆரம்பித்தது. பாட்டுகள் போயின. படங்கள் போயின. அதன்பிறகு தேரோட்டம். ஆறு வருடத் தேரோட்டத்தைக் குற்றாலிங்கம் முழுசாக வீடியோ எடுத்து வைத்திருந்தார், வடம் பிடிப்பதிலிருந்து நிலைக்கு வருவது வரைக்கும்.

பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. அப்புறம் ஊரவும் இல்லை.

குற்றாலிங்கத்தின் இடது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. வெளியே ரயில்வே கேட் மூடியது. கேட் திறந்தது. கோடு அங்கேயே நின்றது.

“தேரு எந்தத் தெருவுல நிக்கி?” என்று கேட்டார் தாவீது.

குற்றாலிங்கம் கிண்டலைக் கவனிக்கவில்லை. கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். “மூணாவது வருசம். மேல ரதவீதித் திருப்பத்துல.”

“அங்க எப்பவுமே நிக்கும்லா? தடி போட்டுத் தள்ளணும்.”

“டக்,” என்றது டிஸ்க். “டக். டக்.”

டீச்சர் சுவிட்சை அணைத்தார்.

“ஏன் அணைச்சீங்க?” குற்றாலிங்கம் எழுந்துவிட்டார். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நகந்திருக்கும். போடுங்க டீச்சர், ஒரே ஒரு தடவை.”

“ஆறணும்.”

“எவ்வளவு நேரம்?”

“நீங்க உக்காந்ததுலேருந்து ஒரு மணி நேரம்.”

அவர் உட்கார்ந்தார். தாவீது எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். காற்றில் கதவு அடித்தது; குற்றாலிங்கம் எழுந்து போய்ச் சாத்தினார்.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பலேருந்து ஒரு மணி நேரம்.”

“கதவுதான் டீச்சர் சாத்துனேன்!”

“சரி.”

அவர் உட்கார்ந்தார். டீ ஆடை கட்டியது. டிஸ்கில் இன்னும் சூடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு விரலை மட்டும் நீட்டினார்; உடம்பு நாற்காலியை விட்டு அரை அடி எழும்பிவிட்டது.

“இப்பலேருந்து,” என்றார் டீச்சர்.

“அண்ணாச்சி, ஒம்மக் கட்டிப்போட்டாத்தான் இன்னைக்கு வேலை நடக்கும்,” என்றார் தாவீது. “நான் வேணா மடியில உக்காந்துக்கிடட்டுமா?”

“அப்பா,” என்றாள் செண்பகம், “டீச்சர்கிட்ட நான் ஒண்ணு...”

“பேசாத புள்ள. மறுபடி மொதல்லேருந்து எண்ணப் போறாங்க.”

செண்பகம் நகத்தைக் கடித்தாள். கடிக்க அங்கே நகம் பெரிதாக மிச்சம் இல்லை.

குற்றாலிங்கம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் மனசு எழுந்து நடந்தது. அது மேசைக்குப் போனது, சுவிட்சுக்குப் போனது, அடுத்த மாதத்துக்குப் போனது, பல்கலைக்கழக வாசலில் வெறுங்கையோடு நிற்கும் மகளிடம் போனது. திரும்பி வந்தது. மறுபடி கிளம்பியது. அதற்கு முட்டு வலி இல்லை.

ஒரு மணி நேரம் எப்படியோ ஆனது.

டீச்சர் டிஸ்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுவிட்சில் விரலை வைத்தார். அழுத்தவில்லை.

“இன்னொரு தடவை எந்திரிக்கும்னு நெனைக்கேன். அதுக்கப்புறம் எனக்குச் சொல்லத் தெரியாது. எது வேணும்?”

“எல்லாம் வேணும், டீச்சர்.”

டீச்சர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார்.

“சரி, சரி. பத்திரம்.”

“பத்திரம் பேப்பர்ல இல்லையா?”

“பீரோவுல இருக்கு.”

“கரண்ட் பில்?”

“அதுவும் பீரோவுலதான்.”

“அப்ப டிஸ்குல இருக்கறது எதுக்கு?”

“பீரோ காணாமப் போயிட்டா?”

“ஆறடி பீரோ எங்கவே காணாமப் போகும்?” என்றார் தாவீது. “அது பஸ் ஏறி எங்க போகும்?”

குற்றாலிங்கம் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். முகத்தைத் துடைத்தார்.

“பதினொண்ணு,” என்றார். “சாமி மன்னிச்சுக்கிடட்டும். செண்பகம் ஃபோல்டர எடுங்க.”

“அதுல எது?”

“ஆய்வு.”

“எது?”

“தட்டான் பத்தினது.”

“தட்டான் பத்தினதுல எது?”

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார்.

அந்த ஃபோல்டரை உண்டாக்கியதே அவர்தான். அதற்கு எண் கொடுத்தது அவர். மாதக் கடைசியில் அதற்குள் எத்தனை ஃபைல் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் அவர்தான். போன மாதக் கடைசியில் ஒன்பதாயிரத்து அறுநூற்று நான்கு. அதற்கு முந்தின மாதம் எவ்வளவு என்று கேட்டாலும் சொல்வார்.

அதில் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

டீச்சர் எழுந்தார். கீபோர்டைத் தூக்கினார். வயர் எட்டவில்லை, மேசையைச் சுற்றி வயரை இழுத்துவிட்டு, கீபோர்டைக் கொண்டுபோய்ச் செண்பகத்தின் மடியில் வைத்தார்.

“அவளுக்கு இதெல்லாம்...” என்று ஆரம்பித்தார் குற்றாலிங்கம். அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

“‘சிறகு’ மட்டும் போதும் டீச்சர்,” என்றாள் செண்பகம். “எழுதின அத்தியாயம் எல்லாம் என் மெயில்ல இருக்கு. களக்குறிப்பு கைடுகிட்ட ஒரு படி இருக்கு. படம் மட்டும்தான் வேற எங்கயும் இல்ல. ரொம்பப் பெருசு, அனுப்ப முடியல. கடைசி அத்தியாயத்துக்கு அளவு எல்லாம் அதுலேருந்துதான் எடுக்கணும்.”

“இத நீ காலையிலேயே சொல்லியிருக்கலாம்லா?” என்றார் குற்றாலிங்கம்.

தாவீது மேலே சுற்றாத ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

குற்றாலிங்கம் வேறு குரலில் கேட்டார். “என்ன படம்?”

“ஒவ்வொரு தட்டானா பிடிச்சு, கட்டம் போட்ட தாள் மேல சிறகை விரிச்சு வச்சு எடுத்ததுப்பா. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. எடுத்ததும் விட்டுருவேன்.”

“விட்டுருவியா?”

“ஆமா. உள்ளங்கையில வச்சு ஊதினா போயிரும்.”

ஆறு வருடமாக மகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

டீச்சர் சுவிட்சைப் போட்டார்.

டிஸ்க் எழுந்தது. முனகல் கரகரத்தது. செண்பகம் நான்கு தட்டு தட்டினாள். பதினோராம் ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் ‘சிறகை’ மட்டும் தொட்டாள். திரையில் இரண்டு எண்கள் ஓடின. ஒன்று வந்தது, ஒன்று மீதி. படிக்க முடியாத இடம் வந்தால் அங்கே நின்று முட்டிக்கொண்டிராமல் அதைத் தாண்டிப் போகும்படி டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார்.

முதல் சுற்று முடிந்தபோது மீதி இருநூற்று ஐம்பது.

“தாண்டினதை மறுபடி கேக்கலாம்,” என்றார் டீச்சர். “கேக்கவா?” கேள்வி செண்பகத்துக்கு. அவள் தலையசைத்தாள்.

இரண்டாம் சுற்றில் மீதி அறுபத்தொன்று.

குற்றாலிங்கம் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு படம் வரும்போதும் அவர் எண்ணைச் சொன்னார். அறுபது. ஐம்பத்தொன்பது. அவரை யாரும் தடுக்கவில்லை.

மூன்றாம் சுற்றில் பாதிக்குமேல் சத்தம் மாறியது. கரகரப்புக்குள் இன்னொரு கரகரப்பு. மணல் விழுந்த உரலில் மாவாட்டும் சத்தம்.

“பத்தொன்பது,” என்றார் குற்றாலிங்கம். “பதினெட்டு... பதினேழு.”

சுற்று முடிந்தது. டிஸ்க் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவை, டீச்சர்.”

“போடலாம். ஆனா உள்ள படிக்கிற முள்ளு, சுத்துற தட்டுல இப்பவே உரச ஆரம்பிச்சாச்சு. இன்னும் உரசினா அந்தப் பதினேழும் போகும், உங்க சாமியும் போகும், மத்த எல்லாமும் போகும். இப்ப நிறுத்தி மூடி வச்சா, பெரிய எடத்துல வேற யாராவது வேற ஒரு நாள் தொறந்து பாக்கலாம். வந்தாலும் வரும்.”

“நிறுத்துனா பதினேழு வராதே.”

“அடுத்த மாசத்துக்குள்ள வராது.”

“பதினேழுதானே டீச்சர். இருநூத்தம்பதுலேருந்து இறங்கி வந்திருக்கு. இன்னும் ஒரே ஒரு சுத்து.”

டீச்சர் கீபோர்டையும் சுவிட்சையும் அவர் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து போய் டீ டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார்.

குற்றாலிங்கம் முப்பத்து மூன்று வருடம் மீட்டர் பார்த்தவர். போகிற வீடு பூட்டிக் கிடந்தால், ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டு வரலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் ஒருநாளும் எழுதியதில்லை. சாயங்காலம் போவார், மறுநாள் விடியலில் போவார், ஞாயிற்றுக்கிழமை போவார். ஒருமுறை சுவரேறிக் குதித்து நாயிடம் கடிபட்டிருக்கிறார். அவருடைய கணக்கில் பூட்டிய வீடே கிடையாது.

அவருடைய விரல் கீபோர்டில் ஒரு பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தினால் நாலாம் சுற்று.

டிஸ்க் அரைத்துக்கொண்டிருந்தது.

செண்பகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தாவீது வந்த படங்களை அவளுக்குப் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்திருந்தார். அதில் ஒன்றைத் திறந்து, அவள் அளக்கவே ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடி மாதிரி ஒரு சிறகு, திரை முழுக்க விரிந்து கிடந்தது. அதன் நரம்புகளுக்கு நடுவே கீழே இருந்த கட்டங்கள் தெரிந்தன.

குற்றாலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“செண்பகம்.”

“என்னப்பா?”

“பதினேழு குறையுதே. என்ன செய்ய?”

காலையிலிருந்து அவர் அவளிடம் கேட்ட முதல் யோசனை அது. கேட்டபிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

“ஒரு வரி எழுதிருவேன்ப்பா. இத்தனை படம் கிடைக்கலைன்னு.”

“கணக்கு இடிக்குமே?”

“எழுதிட்டா இடிக்காது.”

“ஏன் கிடைக்கலைன்னு கேக்க மாட்டாங்களா?”

“எழுதலைன்னாத்தான் கேப்பாங்க.”

அவள் மறுபடி சிறகுக்குத் திரும்பிவிட்டாள்.

குற்றாலிங்கம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். அந்த விரலாலேயே சுவிட்சை அணைத்தார்.

அரைக்கிற சத்தம் தேய்ந்து, இழுத்து, நின்றது. அதற்குப் பிறகுதான் வெளியே சாரல் விழுகிற சத்தம் கேட்டது. அவர் டிஸ்கைத் துண்டில் சுற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“எத்தனைன்னு போட, அப்பா?” என்று கேட்டாள் செண்பகம்.

“பதினேழு.”